கொம்பேறிக்கு எதிர்ச் சாட்சி

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜையும் நிறுத்தியாயிற்று, அதன் உறுமல் மைக்கில் விழுகிறதாம். என் கட்டில் போர்வையைச் சன்னலில் கட்டி, வெளியே கொளுத்துகிற வெயிலை மறைத்துவிட்டு, உள்ளே ஒரு விளக்கை நிறுத்தி வெயில் மாதிரி என் முகத்தில் அடிக்கிறார்கள். இருக்கிற வெயிலை மூடிவிட்டு இல்லாத வெயிலை உண்டாக்குகிறார்கள், கேட்டால் அப்போதுதான் படத்தில் நிஜம் மாதிரித் தெரியும் என்கிறாள் இளவேனில். இந்தப் பெண்தான் படம் எடுக்கிறவள். முப்பது வயதுகூட இருக்காது, குட்டை முடி, பேச்சில் நல்ல மரியாதை. “கால் மணி நேரம்மா, லைட் சரியாயிருச்சுன்னா ஆரம்பிச்சிரலாம்” என்று சொல்லி அரை மணி நேரமாகிறது. அசையக்கூடாதாம். வேதக்காரி நான், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், வியர்வை காதோரம் இறங்கிக் கழுத்துக்கு வருகிறது. கழுத்து. எதை நினைத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. சேலைத் தலைப்புக்குள் ஒயரை விட்டுப் பொத்தான் அளவு மைக்கை நெஞ்சில் குத்தியிருக்கிறார்கள், சத்தம் பிடிக்கிறவர் காதில் பெரிய மூடியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறார். நெஞ்சு அடித்துக்கொள்வது அவருக்குக் கேட்குமோ? கேட்டால் கேட்கட்டும், அறுபத்தொன்பது வயதுக்காரிக்கு நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். கட்டிலில் செசிலி உட்கார்ந்திருக்கிறாள், என் ஒரே மகள். நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்கத் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறாள். அவள் பங்கைப் போன வாரமே பேசிக் கொடுத்துவிட்டாள். “எங்கப்பாவைக் கொன்னவனை ஹீரோ ஆக்கிறாதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேம்மா” என்று போனில் பெருமையாகச் சொன்னாள். அப்பா சாகும்போது அவளுக்கு நாலு வயது. அவர் முகம் அவளுக்குப் போட்டோவில் பார்த்த முகம்தான். கொன்றவன் கதைதான் மனப்பாடம், அதை நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்.

படம் என் வீட்டுக்காரரைப் பற்றியது இல்லை. கொம்பேறியைப் பற்றியது. கொம்பேறி வீரணன் என்றால் எழுபதுகளில் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் அழுகிற பிள்ளை வாயை மூடும். பொருட்காட்சித் திடலில் மல்யுத்த மேடை போட்டால் போஸ்டரில் அவன் முகம்தான் பெரிதாக இருக்கும், உருட்டிய கண்ணும் பல்லில் கடித்த தாம்புக்கயிறுமாக. கொம்பேறிமூக்கன் பாம்பு ஒருவனைக் கடித்தால் அத்தோடு விடாதாம், அவனை எரிக்கிறார்களா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குமாம், அதனால் அந்தப் பெயரை மல்யுத்தக் கம்பெனி முதலாளி அவனுக்கு வைத்தார். அவன் என்கிறேன் பாருங்கள். ஊரோடு சேர்ந்து நாற்பத்தொரு வருசமாக அவன் இவன் என்றே வாய் பழகிவிட்டது. அதற்கு முன்னால் அண்ணே. மேடையில் காதைக் கடிப்பார், கண்ணில் மண்ணைத் தூவுவார், நடுவரைத் தூக்கிக் கூட்டத்துக்குள் போடுவார், முன்வரிசையைப் பார்த்துக் காறித் துப்புவார். பெண்கள் செருப்பைக் கழற்றி எறிவார்கள். ஒரு ஊரில் அவர் ஏறிய பஸ்ஸைக் கல்லால் அடித்தார்கள், இன்னொரு ஊரில் அவர் காலை வைக்கக்கூடாது என்று உத்தரவே போட்டார்கள். அதையெல்லாம் இளவேனில் சேர்த்து வைத்திருக்கிறாள், பழைய செய்தித்தாள், நோட்டீஸ், யாரோ வெளிநாட்டுக்காரர் எடுத்த கறுப்பு வெள்ளைப் பிலிம் உட்பட. எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து முடிகிற இடம் ஒன்றுதான். எண்பத்திரண்டாம் வருசம், சித்திரை மாதம், மதுரை, எதிராளி சவரிராயன். அதைச் சொல்ல மிஞ்சியிருப்பது நானும் அவரும்தான், அவர் சொல்லிவிட்டாராம். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் கேட்கவில்லை.

சவரிராயன் என் வீட்டுக்காரர். கம்பெனியில் ஜெயிக்க நாலு பேர் இருந்தார்கள், தோற்க இவர் ஒருத்தர்தான். “தோக்கத் தெரிஞ்சவன் கிடைக்கிறதுதான் கஷ்டம் பிலோமி, ஜெயிக்க எந்த எருமையும் ஜெயிக்கும்” என்பார். என் பெயர் பிலோமினா, அவர் வாயில் அது முழுசாக வந்ததே இல்லை. சண்டை நிஜமில்லை. இதை இன்றுவரை நான் வெளியில் மூச்சு விட்டதில்லை, இந்தத் தொழிலில் சோறு தின்றவர்கள் யாரும் விட்டதில்லை. யார் எப்போது விழவேண்டும், எத்தனையாவது நிமிசத்தில் மூக்கில் ரத்தம் வரவேண்டும், எல்லாம் முந்தின நாளே பேசி வைத்தது. ரத்தம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர். ஆனால் பலகை பலகைதான். தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் முதுகு முழுக்கப் படுகிற மாதிரி உடம்பைக் கொடுக்கவேண்டும், ஒரு விரற்கடை பிசகினால் போச்சு. அலறல் தனி வேலை. அதை அவர் வீட்டில் பழகுவார். குளிக்கப் போனால் ஒரு மணி நேரம், கையை முறுக்கினால் ஒரு அலறல், முதுகில் மிதித்தால் ஒன்று, கழுத்தைப் பிடித்தால் ஒன்று. கல்யாணமான புதிதில் எங்கள் ஞானஒளிவுபுரம் தெருவே வாசலில் திரண்டு கதவைத் தட்டியது, நான் புருசனைப் போட்டு அடிக்கிறேன் என்று. அப்புறம் தெருவுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. அடுப்படியில் நின்றுகொண்டே மார்க் போடுவேன். “இது பூனை கத்துற மாதிரி இருக்கு.” “இது பரவாயில்ல, கடைசி வரிசைக்குக் கேக்கும்.” உள்ளேயிருந்து, “மகாராணி சொன்னாச் சரிதான்” என்று பதில் வரும். சிரிப்பும் கத்தலுமாக இருந்த வீடு அது. அப்படி இருந்ததனால்தான். இல்லை, இன்னும் அங்கே போகவேண்டாம்.

செசிலி நகத்தைக் கடிக்கிறாள். நாற்பத்தைந்து வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த வெளிச்சத்தில் அவள் நெற்றி அப்படியே அவர் நெற்றி. உனக்குத் தெரியாதடி பாப்பா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, பின்சந்து வழியாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் வருவார். கதவைச் சாத்திக் கொக்கி போட்ட பிறகுதான் துண்டை எடுப்பார். கம்பெனிச் சட்டம் அப்படி. மேடையில் எதிரிகள் என்றால் கீழேயும் எதிரிகள். ஒரே பஸ்ஸில் ஏறக்கூடாது, ஒரே லாட்ஜில் தங்கக்கூடாது, டீக்கடையில் ஒருவர் இருந்தால் மற்றவர் எழுந்து போய்விடவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை யாராவது பார்த்துவிட்டால் அப்புறம் எவன் கூட்டத்துக்கு வருவான்? அதனால் ஊரே வெறுத்த கொம்பேறி எங்கள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டது கர்த்தருக்கும் எங்களுக்கும்தான் தெரியும். அவர் காது மொச்சைக்கொட்டை மாதிரிச் சுருண்டிருக்கும், நீ தோளில் ஏறி உட்கார்ந்து அதைப் பிடித்துத் திருகுவாய், ஒருநாள் அந்தத் தோளிலேயே ஒன்றுக்கும் போய்விட்டாய். “பாப்பா என்னைய ஜெயிச்சிருச்சு தங்கச்சி” என்று அந்த மலைமாதிரி உடம்பு குலுங்கச் சிரித்தது. இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இதைச் சொன்னால் அதையும் சொல்லவேண்டி வரும், ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சேலையே கையோடு வரும் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலை. சரி. அன்றைக்குக் காலை நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். இட்லியா தோசையா? கோர்ட்டில் இட்லி என்றேன், அன்றிலிருந்து அது இட்லியாகவே இருக்கிறது. முந்தின நாள் தேனியில் சண்டை, அங்கே வேறு ஒரு தடியன் போட்ட போடு. விடிகாலை பஸ்ஸில் வந்து படுத்தவர் எட்டு மணிக்கு எழுந்து குளிக்கப் போனார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை, ம்ம் என்று, கன்றுக்குட்டி முட்டும்போது மாடு விடுமே, அந்த மாதிரி அடியிலிருந்து. பிறகு, “பிலோமி, கழுத்து பிடிச்சிருக்கு, திருப்ப முடியல” என்றார். மேடையில் அவர் கத்துவதும் கழுத்து, கழுத்து என்றுதான். ஆகவே நான் சிரித்தேன். இட்லிச் சட்டியை மூடிவிட்டுச் சிரித்தேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்படியானால் இட்லிதான். “என்னங்க இது, செத்த கோழி மாதிரி. இப்பிடிக் கத்துனா எவன் டிக்கெட் எடுப்பான்? நல்லாக் கத்துங்க” என்றேன். கொஞ்ச நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அலறினார் பாருங்கள், ஓட்டில் உட்கார்ந்திருந்த புறாவெல்லாம் எழுந்து பறந்தது, அப்படி ஒரு அலறல் அவர் வாழ்க்கையிலேயே அலறியதில்லை. எனக்காக அலறினார். நான் கரண்டியால் சட்டி மூடியைத் தட்டிக் கைதட்டல் கொடுத்தேன். வெளியே வந்து, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாப்பிட்டார், தண்ணீர்ச் செம்பை எடுக்கத் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். அதை நான் பார்த்தேன். பார்த்தேனா? பார்க்காவிட்டால் இப்போது எப்படிக் கண்ணில் நிற்கிறது? பார்த்தேன், ஆனால் அந்த நேரம் செசிலி சட்னியில் கையை விட்டுவிட்டாள், நான் அவளை அதட்டப் போய்விட்டேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நிஜமாவா வலிக்குது, என்று இரண்டே வார்த்தை.

“அம்மா, முகத்தைக் கொஞ்சம் துடைச்சுவிடட்டுமா?” என்கிறாள் இளவேனில். துடைக்கிறாள். பவுடர் மணக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு எதிர்வீட்டு ஆள் சைக்கிளில் வந்து, “அக்கா, அண்ணனைக் கொம்பேறி தூக்கிப் போட்டான், எந்திரிக்கல” என்றார். எந்திரிக்கமாட்டார், அதுதானே வேலை என்று நான் அப்போதும் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் மேடையிலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். கழுத்தெலும்பு. வராந்தாவில் வீரணன் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார், மேடையில் பூசிய கரி முகத்தில் வழிந்திருந்தது. கம்பெனிச் சட்டத்தை மீறி, அத்தனை பேர் வருகிற இடத்தில் என் காலடியில் உட்கார்ந்து அழுதார். “கழுத்து பிடிச்சிருக்குன்னான் தங்கச்சி. அப்ப தூக்குறது வேணாம்டா, கீழயே முடிச்சுக்குவோம்னேன். வீட்டுல சொன்னேன், பிலோமி சிரிச்சுட்டா, அப்ப ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம், நீ தூக்குன்னான்.” அவ்வளவுதான் சொன்னார். பிலோமி சிரிச்சுட்டா. அதைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனவரிடம் இனி நான் என்ன கேட்பது? அதற்குள் கூட்டம் வராந்தாவுக்குள் வந்துவிட்டது, மாமியார், மைத்துனர், தெரு ஆட்கள், பத்திரிகைக்காரர். அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த வாய் இன்னொரு தடவை திறந்து அதே வார்த்தையைச் சொல்லிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அது சொல்வதற்குள் நான் சொன்னேன். “இவன்தான் கொன்னான். வேணும்னே கொன்னுட்டான்” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினேன். பழகாமலே நன்றாக வந்தது. கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும்.

அதற்கப்புறம் என் கையில் எதுவும் இல்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவர் நின்றார், உள்ளே வர யார் விடுவார்கள். பாத்தியா, கடிச்சுட்டு மரத்தடியில வந்து பாக்குது பாரு பாம்பு, என்று ஊர் பேசியது, மறுநாள் பேப்பரிலும் வந்தது. கேஸ் நடந்தது. சண்டை எல்லாம் நடிப்பு, இறந்தவன் என் சிநேகிதன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் அவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாராம், அண்ணனோ சண்டை நிஜம்தான் என்றே சாதித்துவிட்டார். சாட்சிக் கூண்டில் நான் நின்றேன். அண்ணன் தரப்பு வக்கீல் கேட்டார், சம்பவத்துக்கு முன்னால் உங்கள் கணவர் உடம்பில் வலி, காயம் என்று எதுவும் சொன்னாரா? அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வக்கீலின் கறுப்புக் கோட்டுப் பொத்தானைப் பார்த்தேன், அதில் ஒன்று நூல் விட்டுத் தொங்கியது. “இல்லை” என்றேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தன் வக்கீலிடம் ஒன்றுமே சொல்லாமல் குனிந்துகொண்டார். ஒன்றரை வருசம் ஜெயில். வெளியே வந்தபின் எந்த மேடையிலும் சேர்க்கவில்லை, கொலைகாரன் என்று ஊர் ஊராக விரட்டினார்கள். நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். “மூணு பொய் சொன்னேன் சாமி” என்றேன். ஒன்று மாமியாரிடம் தலைவலி என்றது, ஒன்று பால்காரனிடம் சொன்னது, மூன்றாவது இது. மொத்தமாகக் கட்டி உள்ளே தள்ளிவிட்டேன். சாமியார் மூன்றுக்கும் சேர்த்து ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி ஆயா வேலைக்குப் போய் இருபத்தேழு வருசம் வார்டில் புரண்டேன், அங்கேதான் தெரிந்துகொண்டேன், கத்துகிற நோயாளிக்குப் பயப்படவேண்டாம், அடிவயிற்றிலிருந்து ம்ம் என்று மட்டும் சொல்கிறவனுக்குத்தான் டாக்டரைக் கூப்பிட ஓடவேண்டும் என்று. எத்தனையோ பேருக்கு ஓடியிருக்கிறேன். நல்ல ஆயா என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

இளவேனில் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள். “ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்கம்மா. அவர் உங்களைப் பத்திப் பேசுனது. நீங்க பாக்காம நான் படத்துல வைக்கமாட்டேன்.” செசிலியும் எழுந்து வந்து என் பின்னால் நிற்கிறாள், அவள் மூச்சு என் உச்சந்தலையில் படுகிறது. இதோ, வந்துவிட்டது. நாற்பத்தொரு வருசமாக எதற்குப் பயந்தேனோ அது இந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. பட்டனை அழுத்துகிறாள். உசிலம்பட்டிப் பக்கம், அவர் உடன்பிறந்த தங்கச்சி மகன் வீடாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு கிழவர். யார் இது? தோள் எங்கே போனது? காது மட்டும் அதே காது. சட்டைப் பொத்தான் போட்டு, தலைசீவி, போட்டோவுக்கு உட்கார்ந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். “சண்டை எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களேய்யா” என்று இளவேனிலின் குரல் கேட்கிறது. “அவங்க சொல்லுவாங்க. நான் சொல்லமாட்டேன். சவரி பத்து வருசம் விழுந்திருக்கான், அம்புட்டும் பொய்யின்னு நான் சொல்லவா?” என்கிறார். “அன்னைக்கு அவருக்கு முன்னாடியே கழுத்துல அடி இருந்துச்சுன்னு தேனிக்காரர் ஒருத்தர் சொன்னாரே?” கிழவர் கேமராவைப் பார்க்கிறார். “அதெல்லாம் இல்லத்தா. நல்லாத்தான் வந்தான். நான்தான் தப்பாப் போட்டேன். அந்தத் தங்கச்சி கோர்ட்டுல சொன்னது சரிதான். அந்தப் பிள்ளைக மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல.” அத்தோடு நின்றுவிட்டது. திரையில் அவர் வாய் பாதி திறந்தபடி இருக்கிறது.

“பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்” என்கிறாள் செசிலி. அவள் கை என் தோளில் விழுகிறது, ஆறுதலாக. எனக்கு அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. பயந்தது நடக்கவில்லை, தப்பித்துவிட்டேன், எழுந்து மோர் கரைத்து எல்லாருக்கும் கொடுக்கலாம். அப்படியே இருந்துவிட்டால் படம் வெளியே வரும், அவரும் பார்ப்பார், எழுபத்தெட்டு வயதில், அவர் வாயாலேயே அவரைக் கொலைகாரன் ஆக்கிய படத்தை. நானும் செத்துப்போவேன், அவரும் செத்துப்போவார், பொய் மட்டும் நல்ல வெளிச்சத்தில் பத்திரமாக இருக்கும். சொன்னால்? சொன்னால் இந்தக் கை தோளிலிருந்து போய்விடும். எனக்கு இருக்கிறது இந்த ஒரு கைதான். வீட்டு வாசலில் விழுந்தால் தூக்க, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட, என்னை என் வீட்டுக்காரர் கல்லறைப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க. மடிக்கணினியை எடுத்துவிட்டார்கள். கேமராவில் சிவப்புப் புள்ளி எரிகிறது. செசிலி கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள். “சும்மா பதிவுக்காகக் கேக்குறேம்மா” என்கிறாள் இளவேனில், “அன்னைக்குச் சண்டைக்கு முன்னாடி ஐயா உங்ககிட்ட வலி கிலின்னு ஏதாச்சும் சொன்னாங்களா?” கட்டிலில் செசிலி எனக்கு முன்பே தலையை இடமும் வலமும் ஆட்டுகிறாள். மூன்றே எழுத்து, இல்லை, எவ்வளவு சுலபமான வார்த்தை, ஒருமுறை சொன்ன வாய்க்கு மறுமுறை சொல்ல வலிக்காது.

“சொன்னார்” என்கிறேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. குளியலறை, இட்லிச் சட்டி, செத்த கோழி, கரண்டியால் தட்டியது, வராந்தாவில் அண்ணன் சொன்னது, கோர்ட்டில் நான் சொன்னது எல்லாம் வருகிறது. வரிசையாக வரவில்லை, வந்ததையே திரும்பச் சொல்கிறேன், சிரித்ததை மூன்று தடவை சொல்லிவிட்டேன். கேமராவைப் பார்த்தே சொல்கிறேன், கட்டில் பக்கம் கண்ணை விடவில்லை. முடித்ததும் சத்தம் பிடிக்கிறவர் காது மூடியைக் கழற்றிவிட்டார். இளவேனில் மெதுவாக, “அம்மா, அவர் வேற மாதிரி சொல்லியிருக்காரு. அவர்கிட்ட கேக்காம இதை நான் எடுத்துக்க முடியாது” என்று சொல்லிப் போனை எடுக்கிறாள். ஸ்பீக்கரில் போடுகிறாள். விசயத்தைச் சொல்கிறாள். அந்தப் பக்கம் நெடுநேரம் இருமல். “அது பொய்யித்தா” என்கிறது குரல். “வயசாயிருச்சுல்ல, பாவம் தங்கச்சிக்குப் புத்தி தடுமாறுது. அழிச்சிருங்க அதை.” நான் வாய் திறப்பதற்குள் செசிலி எழுந்துவிட்டாள். “கேட்டியா? அந்தாளே சொல்றாரு. உனக்கு என்னம்மா வந்துச்சு இப்ப? அவரு சொல்றதுதான் சரி.” வாழ்நாளில் முதல்தடவையாக அவனை அவர் என்கிறாள், அவர் சொல்வதை நம்புகிறாள். பொய் சொன்னபோது கோர்ட்டு நம்பியது, ஊர் நம்பியது, பேப்பர் நம்பியது. இன்றைக்கு என் வீட்டுக்குள், என் வயிற்றில் பிறந்தவள் நம்பமாட்டேன் என்று நிற்கிறாள், முகம் வெளுத்து, கெஞ்சுகிற மாதிரி. நம்பிவிட்டால் அவளுக்கு அம்மா இல்லாமல் போய்விடும். அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் போனை இளவேனில் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

“அண்ணே, பிலோமினா பேசுறேன்.” நாற்பத்தொரு வருசத்துக்கு அப்புறம் இந்த வார்த்தை என் வாயில் வருகிறது. மூச்சு மட்டும் கேட்கிறது. “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்டுவிட்டேன், வேறு என்ன கேட்பது. “சாப்ட்டேன் தங்கச்சி.” “எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. நான் சிரிச்சேன்னு அவரு உங்ககிட்டச் சொன்னாருல்ல? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. செசிலி பக்கத்துல நிக்கிறா.” “பாப்பாவா?” என்கிறார். “பாப்பா முன்னாடி எதுக்கு தங்கச்சி இதெல்லாம்? பெத்த தாயில்லையா நீ? என் பேரு ஏற்கனவே கெட்டதுதானே, அதுலயே கிடக்கட்டும்.” “எனக்காக ஜெயிலுக்குப் போனது போதும். எனக்காக இன்னமும் பொய் சொல்லாதீங்கண்ணே. கையெடுத்துக் கும்பிடுறேன்.” போனைப் பிடித்திருக்கிற கையோடு இன்னொரு கையைச் சேர்த்துக் கும்பிடுகிறேன், அவருக்கு அது தெரியாது. எங்கோ ஒரு ஆடு கத்துகிறது அந்தப் பக்கம். “ஆமா” என்கிறார் கடைசியில். “சொன்னான். பிலோமி சிரிச்சுட்டான்னு சொன்னான். சொன்னதைக் கேட்டுட்டும் தூக்குனது இந்தக் கைதானே தங்கச்சி. ஊரெல்லாம் எதிர்பாக்குதுன்னு தூக்கிட்டேன். அதையும் எழுதிக்கச் சொல்லு.” ஊரையே நடுங்கவைத்த மனிதர் என் உள்ளங்கைக்குள் அழுகிறார், அறை முழுக்கக் கேட்கிறது, யாரும் அதை நிறுத்தவில்லை. என் வலப்பக்கம் செசிலி வந்து நிற்பது தெரிகிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. அவள் கை என் விரல்களைப் பிரித்துப் போனை எடுக்கிறது. அணைத்துவிட்டுப் போய்விடுவாள், இந்த வீட்டை விட்டே போய்விடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பட்டன் அழுத்துகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் போன் அவள் காதில் இருக்கிறது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் செசிலி பேசுறேன்” என்கிறாள். “எங்கப்பா எப்பிடி இருப்பாரு? சொல்லுங்க.”